நேற்று தெரிந்தது, இன்று தெரியவில்லை

“மனசு வைத்தால் அவளால் முடியும்.” கற்றலில் சிரமப்படும் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிப் பேசும் கூட்டங்களில், சிறப்பாசிரியர் என்ற முறையில் நான் இந்த வாக்கியத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது பாராட்டைப் போலத்தான் சொல்லப்படும். குழந்தையிடம் திறமை இருக்கிறது, அக்கறைதான் போதவில்லை என்பது அதன் பொருள். ஆனால் ஒரு சிறுமியைப் பற்றிய கூட்டத்தில் அவளுடைய வகுப்பாசிரியை இதைச் சொன்ன நாளிலிருந்து என்னால் அந்த வாக்கியத்தை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அந்த ஆசிரியை கடுமையானவர் அல்லர். மதிய இடைவேளையை விட்டுக்கொடுத்து அந்தச் சிறுமியின் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தவர். அத்தனை பரிவுள்ள ஒருவரும் இதே முடிவுக்குத்தான் வருகிறார் என்றால், அந்த முடிவுக்கு இட்டுச்செல்வது அவருடைய மனம் அன்று, அவர் கண்ணால் கண்டதுதான் என்பது எனக்குப் புரிந்தது. அவர் கண்டது என்ன, அதிலிருந்து அந்த முடிவு ஏன் பிறக்கக்கூடாது என்பதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுமிக்கு அப்போது ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே தத்தெடுக்கப்பட்டவள். பெற்ற தாய் கர்ப்ப காலத்தில் தொடர்ந்து மது அருந்தியவர் என்ற குறிப்பு தத்தெடுப்புக் கோப்பில் இருந்தது; ஆனால் அந்தக் குறிப்பை யாரும் அவளுடைய படிப்போடு சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றாது. வயதுக்கேற்ற வளர்த்தி, தயக்கமில்லாத பேச்சு, பெரியவர்கள் பேசும் சொற்களை இடமறிந்து எடுத்தாளும் சாமர்த்தியம் எல்லாம் அவளிடம் இருந்தன. முள் கடிகாரத்தில் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தபோது, வெள்ளிக்கிழமை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். திங்கட்கிழமை அதே கடிகாரத்தை முதல்முறையாகப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள். புதன்கிழமை மறுபடியும் சரியாகச் சொன்னாள். வாய்ப்பாட்டிலும் இதே கதை. ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்துவிட்டு ஜன்னலருகே நின்றுவிடுவாள்.

முற்றிலும் தெரியாத குழந்தையிடம் ஆசிரியர்கள் பொறுமையாக இருப்பார்கள். முற்றிலும் தெரிந்த குழந்தையிடம் பிரச்சினையே இல்லை. ஒருநாள் தெரிந்து மறுநாள் தெரியாமல் போகும் குழந்தைதான் பெரியவர்களின் பொறுமையைக் குலைக்கிறது. ஏனென்றால் மற்ற குழந்தைகளிடம் நாம் பெற்ற அனுபவம், ஒருமுறை நன்றாகக் கற்றது அங்கேயே இருக்கும் என்றுதான் நமக்குச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் திங்கட்கிழமை அவள் சொல்லாதது தெரியாததால் அன்று, சொல்ல விரும்பாததால்தான் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. தர்க்கம் சரிதான். அது எழுப்பப்பட்டிருக்கும் அடித்தளம்தான் இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது.

முகம் தப்பினால் மூளை தப்பியதாகாது

மதுவால் கருவுக்கு நேரும் பாதிப்பு மருத்துவ உலகின் கண்ணில் முதலில் பட்டது முகத்தின் வழியாகத்தான். பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், மதுவுக்கு அடிமையான பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி 1968இல் எழுதினார். பிரெஞ்சில் வெளிவந்த அந்தக் கட்டுரையைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் தங்கள் சகாக்களுடன் லான்செட் இதழில் எழுதிய பிறகுதான் இதற்கு ஒரு பெயரும் இலக்கணமும் கிடைத்தன. கண்ணிமைப் பிளவு குறுகியிருத்தல், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியிருத்தல், மேலுதடு மெலிந்திருத்தல் ஆகிய மூன்றும் காலப்போக்கில் இதன் முத்திரைகளாயின. இவற்றோடு வளர்ச்சிக் குறைவும் மூளைப் பாதிப்பும் சேர்ந்தால் அது கரு மது நோய்க்குறி.

பெயர் கிடைத்தது பெரிய காரியம். ஆனால் அதன்பின் பலரும் முகத்தையே தேடத் தொடங்கினார்கள். 1981இல் கேத்லீன் சூலிக் சுண்டெலிகளில் நடத்திய ஆய்வு, இந்தத் தேடல் எவ்வளவு குறுகியது என்பதைக் காட்டுகிறது. மனிதக் கர்ப்பத்தின் மூன்றாவது வாரத்துக்கு ஈடான ஒரு கட்டத்தில், ஒரே ஒரு நாள் அதிக அளவு மது கொடுக்கப்பட்டாலே சுண்டெலிக் கருவில் அந்த முக அடையாளங்கள் உண்டாயின. அதாவது முகத்தில் முத்திரை விழும் காலம் மிகக் குறுகியது. மூளையோ கர்ப்ப காலம் முழுவதும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறுகிய காலத்தில் மது படாமல், பிந்தைய மாதங்களில் பட்ட குழந்தை எவ்வித அடையாளமும் இல்லாத முகத்தோடும் பாதிக்கப்பட்ட மூளையோடும் பிறக்கலாம். கருவில் மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இத்தகையவர்களே.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. சற்று நேரத்தில் கருவின் இரத்தத்திலும் அது தாயின் இரத்தத்தில் உள்ள அளவை எட்டிவிடுகிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் கருவின் ஈரலுக்கு மிகக் குறைவு. பனிக்குட நீரில் தங்கும் மதுவைக் கரு மறுபடியும் விழுங்குகிறது. உருவாகிக்கொண்டிருக்கும் நரம்பணுக்களில் சில மடிகின்றன. சில போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடுகின்றன. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், அசைவையும் காலக்கணிப்பையும் கவனிக்கும் சிறுமூளை, திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்மடல் ஆகியவை ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் இடங்கள். சொற்களையும் இலக்கணத்தையும் கையாளும் திறன் பல குழந்தைகளிடம் ஓரளவு காப்பாற்றப்பட்டுவிடுகிறது. பேச்சு நன்றாக இருப்பதால் மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

கண் சிமிட்டக் கற்காத குழந்தைகள்

“மனசு வைத்தால்” என்ற வாக்கியத்துக்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான மறுப்பு, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் சாண்ட்ரா ஜேக்கப்சனும் அவருடைய சகாக்களும் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஓர் ஒலி எழும். அடுத்த கணம் கண்ணில் மெல்லிய காற்று ஊதப்படும். சில முறைக்குப் பிறகு, ஒலி கேட்டவுடனேயே, காற்று வருவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ள வேண்டும். கற்றல் என்று நாம் சொல்வனவற்றிலேயே மிக எளிய வகை இது. சிறுமூளையும் அதைச் சார்ந்த சிறு சுற்றும் சேர்ந்து செய்வது. இதற்கு அக்கறையும் ஆர்வமும் தேவையில்லை. குழந்தை படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் நடக்கும். மது படாத குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் இதைக் கற்றுக்கொண்டார்கள். கரு மது நோய்க்குறி முழுமையாக இருந்த குழந்தைகளில் ஒருவர்கூட அந்த அளவை எட்டவில்லை.

இதைப் படித்த நாளில் நெடுநேரம் வேறெதுவும் செய்யத் தோன்றாமல் இருந்தேன். பிடிவாதத்தால் கண் சிமிட்டாமல் இருக்கும் குழந்தை உலகில் உண்டா? ஒலியையும் காற்றையும் சேர்த்துக் கட்டவேண்டிய முடிச்சு அந்தக் குழந்தைகளின் மூளைக்குள் விழவில்லை, அவ்வளவுதான். ஒன்றை அடுத்து இன்னொன்று வரும் என்பதை உடலே கற்றுக்கொள்ளாத நிலையில், “இப்படிச் செய்தால் சாயங்காலம் விளையாட்டு கிடையாது” என்று நாம் சொல்லும் எச்சரிக்கை எதன்மேல் போய் நிற்கும்? நட்சத்திர அட்டை, வெகுமதிப் பெட்டி, சலுகைகளைப் பறித்தல் என்று பள்ளிகள் கையாளும் முறைகள் அனைத்தும் காரணத்தையும் விளைவையும் குழந்தை நெடுநேரம் மனத்தில் இணைத்து வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. அந்த இணைப்பே பழுதுபட்ட குழந்தையிடம் தண்டனையின் அளவை ஏற்றிக்கொண்டே போவதால், தான் கெட்ட பிள்ளை என்பதைத் தவிர அது வேறெதையும் கற்காது.

அறிக்கையில் இருந்த 86

சிறுமியின் வளர்ப்புத் தாய் ஓர் உளவியல் மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தார். அறிக்கை வந்தபோது இருவரும் சேர்ந்து படித்தோம். ஐ.க்யூ. 86 என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. 100 என்பது சராசரி. 70க்குக் கீழே போனால்தான் அறிவுசார் குறைபாடு என்று பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். 86 என்றால் சற்றே மந்தமான, ஆனால் வழக்கமான வகுப்பில் சமாளிக்கக்கூடிய பிள்ளை என்று எவரும் சொல்வார்கள். பள்ளியும் அப்படித்தான் சொன்னது. சிறப்பு உதவிக்கு அவள் தகுதியானவள் அல்லள் என்பதற்கு அந்த எண்ணே சான்றாகக் காட்டப்பட்டது.

ஆனால் அறிக்கை அந்தப் பக்கத்தோடு முடியவில்லை. மொழித் திறன் 86க்கு மேலே இருந்தது. ஒரு தகவலைச் சில நொடிகள் மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு அதன்மேல் வேலை செய்யும் திறன் மிகக் கீழே இருந்தது. கணக்கு அதையொட்டிக் கீழே. கடைசியாக, அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் திறன், அதாவது நேரத்துக்குத் தயாராவது, பொருள்களைப் பத்திரமாக வைப்பது, ஆபத்தை உணர்வது, பிறருடன் முறைப்படி பழகுவது ஆகியவற்றைக் கூட்டிய எண், சராசரி 100 என்ற அதே அளவுகோலில், 65ஐக்கூடத் தொடவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையின் நாவும் ஐந்து வயதுக் குழந்தையின் கைகளும் ஒரே உடலில் இருப்பதைப் போல அந்த எண்கள் ஒரே தாளில் இருந்தன.

இந்தச் சரிவு அவளுக்கு மட்டும் உரியதன்று. 1996இல் ஆன் ஸ்ட்ரெய்ஸ்கத்தும் அவருடைய சகாக்களும் சியாட்டிலில் வெளியிட்ட பெரிய ஆய்வறிக்கையில், நோய்க்குறி முழுமையாக இருந்தவர்களின் சராசரி ஐ.க்யூ. 79, கணக்கு 70, அன்றாட வாழ்வுத் திறன் 61. நோய்க்குறி முழுமையாக இல்லாமல் மதுவின் பாதிப்பு மட்டும் கொண்டவர்களுக்கு முறையே 90, 76, 67. படிக்கட்டைப் போல ஒரே சீராக இறங்கும் எண்கள். 90 என்ற ஐ.க்யூ.வைப் பார்ப்பவர் எவரும் அதன் அடியில் 67 இருக்கும் என்று எதிர்பார்க்கமாட்டார். அதே ஆய்வில் இன்னும் கனமான செய்தி ஒன்று உண்டு. பாதிப்பின் அடையாளங்கள் முழுமையாக இருந்தவர்களைவிட, அவ்வளவாகத் தெரியாதவர்களே வாழ்க்கையில் அதிகம் இடறினார்கள். அரசின் உதவிச் சேவைகளுக்குத் தகுதியானவர் என்று ஏற்கப்படுவது காப்பாற்றும் காரணிகளில் ஒன்றாக இருந்தது; கூடுதல் ஐ.க்யூ. அப்படிக் காப்பாற்றவில்லை. பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினரின் பள்ளிப்படிப்பு குலைந்திருந்தது. கிட்டத்தட்ட அதே அளவினர் சட்டச் சிக்கலில் மாட்டியிருந்தார்கள். என் கருத்தில், இந்தக் குழந்தைகளுக்கு மது செய்த தீங்குக்கு அடுத்தபடியாகத் தீங்கு செய்வது, உதவி தேவையில்லை என்று அறிவிக்கும் அந்த முதல் பக்க எண்ணே.

அறிக்கையைப் படித்து முடித்தபோது அந்தத் தாய் நான் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்: “அப்போ அவ எங்கிட்ட இத்தனை நாளும் பொய் சொல்லலையா, டீச்சர்?”

கணக்கும் கடிகாரமும் அல்ல, அந்த வீட்டை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்பாள். நோட்டு வெறுமையாக இருக்கும். அந்தப் பென்சில் பெட்டியைத் தோழி கொடுத்தாள் என்பாள், தோழி கொடுத்திருக்கமாட்டாள். கேட்டால் கண்ணைப் பார்த்து, தயக்கமில்லாமல், விவரங்களோடு சொல்வாள். விசாரணை நீள நீளக் கதையும் மாறும். நினைவில் இடைவெளி இருக்கும் மனிதர்கள் அந்த இடைவெளியைத் தாம் அறியாமலேயே ஏதாவதொன்றால் நிரப்பிக்கொள்வது உண்டு. கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. நேற்றைய வீட்டுப்பாடமும் இன்றைய வீட்டுப்பாடமும் அவளுக்குள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும்போது, முடித்துவிட்டேன் என்பது அவளைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். அவளும் எல்லாக் குழந்தைகளையும் போலச் சில சமயம் பொய்யும் சொல்லியிருப்பாள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் ஒப்புக்கொள்ளச் சொல்லி நடந்த விசாரணைகளில் பெரும்பாலானவற்றில் ஒப்புக்கொள்ள அவளிடம் எதுவுமே இருந்திருக்காது. அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முடித்தாயா என்று கேட்பதற்குப் பதில் நோட்டைத் திறந்து இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பல மாதச் சிகிச்சை தரவேண்டிய நிம்மதியை இந்த ஒரு மாற்றம் அந்த வீட்டுக்குக் கொடுத்தது.

சூழலை மாற்றுவது

பாதிப்பு வாழ்நாள் முழுவதும் இருப்பது. அதனால் எதுவும் செய்வதற்கில்லை என்று முடிவு கட்டுவது தவறு. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜூலி கேபிளும் கிளேர் கோல்ஸும் இந்தக் குழந்தைகளுக்கென்றே ஒரு கணிதப் பயிற்சியை வடிவமைத்தார்கள். கணக்கை மட்டும் சொல்லிக்கொடுக்காமல், முதலில் நிதானித்துக் கவனி, பிறகு திட்டமிடு, பிறகு செய், கடைசியில் சரிபார் என்ற ஒழுங்கையும் அது சேர்த்துப் பழக்குகிறது. பெற்றோருக்கும் தனியே பயிற்சி உண்டு. அதில் சேர்ந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் கணக்கில் கூடுதலாக முன்னேறினார்கள். பழுது இருக்கும் இடத்தை அறிந்து அதற்கேற்பக் கற்பித்தால் கற்கிறார்கள் என்பது இதன் பொருள். ஸ்ட்ரெய்ஸ்கத் குழுவினர் 2004இல் எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது. சிறு வயதிலேயே பாதிப்பு கண்டறியப்படுவதும் நிலையான நல்ல வீட்டில் வளர்வதும், பிற்காலத் துன்பங்களிலிருந்து தப்பும் வாய்ப்பை இரண்டு முதல் நான்கு மடங்கு உயர்த்தின.

சிறுமிக்கு நாங்கள் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வது. வகுப்பிலும் வீட்டிலும் அதே வாக்கியத்தை அதே சொற்களில் சொல்வது. “புத்தகத்தை எடு” என்பதும் “பாடத்தை ஆரம்பிக்கலாமா” என்பதும் அவளுக்கு ஒரே கட்டளை அல்ல. நாளின் வேலைகளைப் படங்களாக மேசையின் ஓரத்தில் ஒட்டிவைப்பது. எண்களில் மணி காட்டும் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டு, முள் கடிகாரத்தோடு நடத்திய போராட்டத்தை நிறுத்துவது. இந்தக் கடைசி முடிவைப் பள்ளியில் சிலர் ஏற்கவில்லை. கற்றுக்கொள்வதைக் கைவிடச் செய்கிறோம் என்றார்கள். அந்தக் கடிகாரத்துக்காகச் செலவான பொழுதை அவள் வாசிப்பில் செலவிட்டாள் என்பதே என் பதில். எல்லாவற்றிலும் கடினமானது, நேற்று தெரிந்ததை இன்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கும்போது குரலில் சலிப்பு வராமல் பார்த்துக்கொள்வது. வகுப்பாசிரியை அதில் என்னைவிடச் சிறந்து விளங்கினார்.

இன்னொருவரைப் பற்றியும்

இந்தக் கதையில் யாரும் பார்த்திராத ஒருவர் இருக்கிறார். பெற்ற தாயைப் பற்றிக் கோப்பில் இரண்டு வரிகளுக்கு மேல் இல்லை. அந்த இரண்டு வரிகளைப் படித்தவர்களில் சிலர் அவரைப் பற்றிச் சொன்னதும் அதே வாக்கியம்தான்: மனது வைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். மதுவுக்கு அடிமையாவதும் மூளையைப் பற்றும் நோய்தான் என்று அறிந்தவர்களும் கர்ப்பிணி என்று வந்தவுடன் அதை மறந்துவிடுகிறார்கள். உலகில் நேரும் கருத்தரிப்புகளில் ஏறக்குறைய பாதி திட்டமிடாதவை. கரு தங்கியதே தெரியாத வாரங்களில் அருந்தியவர்களும் ஏராளம். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவும் கண்டறியப்படவில்லை; எனவே அறவே தவிர்ப்பதே நல்லது என்பதை ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய கணவருக்கும் குடும்பத்துக்கும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் பழித்துச் சொன்னால் அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது அந்தப் பெண் உண்மையை மறைப்பார். முக அடையாளம் இல்லாத குழந்தைக்கு, கருவில் மது பட்டது என்ற தகவல் இல்லாவிட்டால் பெரும்பாலும் நோயறிதலே நடக்காது. தாயைக் கூசவைக்கும் ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு குழந்தையின் கோப்பிலிருந்து அந்த இரண்டு வரிகளை அழிக்கிறது. இந்தச் சிறுமிக்கு அவை கிடைத்தது, பெற்ற தாய் யாரிடமோ உண்மையைச் சொன்னதால்தான். அதற்காக அவருக்கு நான் நன்றியுள்ளவளாக இருக்கிறேன்.

சிறுமி இப்போது பெரிய வகுப்புக்குப் போகிறாள். வயது ஏற ஏறப் பிறரிடமிருந்து அவள் விலகும் தூரம் கூடித்தான் தெரியும். அவள் பின்னோக்கிப் போவதால் அன்று, பதின்வயதில் எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படும் திட்டமிடலும் நிதானமும்தான் அவளுக்கு மிகக் கடினமானவை என்பதால். பேச்சு இன்னும் தேர்ந்திருக்கிறது. அதனால் புதிய ஆசிரியர்களும் பழைய முடிவுக்கே வருவார்கள். தேர்வில் கூடுதல் நேரமும், கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்ட ஒருவரும் வேண்டும் என்று கொடுத்த விண்ணப்பம், ஐ.க்யூ. 86ஐக் காரணம் காட்டி ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டது. இம்முறை மதிப்பீட்டின் எல்லாப் பக்கங்களையும் இணைத்து, அன்றாட வாழ்வுத் திறனின் எண்ணை முதல் பக்கத்திலேயே எழுதி, கருவில் மது பட்டதற்கான குறிப்பின் நகலோடு மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். கடிதத்தின் வாசகத்தை எழுதியவர் அந்த வகுப்பாசிரியை. நேற்று தெரிந்தது இன்று தெரியாமல் போவதே இந்தப் பாதிப்பின் இயல்பு, அதை அலட்சியம் என்று கொள்ளவேண்டாம் என்று அவர் அதில் எழுதியிருக்கிறார்.